சவூதி அரேபியாவின் சமூக, மார்க்கச் சீர்திருத்தங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சவூதியைப் பற்றி நம் ஊர்களில் பேச்சு எழுந்தால் இரண்டு குரல்கள்தான் அதிகம் கேட்கும். "அங்கேயே எல்லாம் மாறிடுச்சு, நீங்க ஏன் இன்னும் மாறல?" என்பது ஒன்று. "சவூதி கெட்டுப்போச்சு" என்பது இன்னொன்று. இரண்டு தரப்பும் ஒன்றை மறந்துவிடுகின்றன. இந்த மாற்றங்களைக் கேட்டுப் போராடிய சவூதிப் பெண்களும் அறிஞர்களும் இருந்தார்கள். அவர்களில் பலர் சிறைக்குப் போனார்கள். அவர்களை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்லவே முடியாது என்று நினைக்கிறேன். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு, ஆண்டும் பெயரும் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

சுருக்கமாக, என்னென்ன மாறியிருக்கிறது?

2016 ஏப்ரலில் மார்க்கப் போலீஸின் கைது அதிகாரம் பறிக்கப்பட்டது. 2018 ஜனவரியில் பெண்கள் கால்பந்து மைதானத்துக்குள் போனார்கள். ஏப்ரலில் ரியாத்தில் சினிமா தியேட்டர் திறந்தது. ஜூன் 24 முதல் பெண்கள் கார் ஓட்டலாம் என்றானது. 2019-ல் 21 வயது நிறைந்த பெண் தானே பாஸ்போர்ட் எடுக்கலாம், தனியே பயணம் போகலாம் என்று சட்டம் திருத்தப்பட்டது. அதே ஆண்டு சுற்றுலா விசா வந்தது. உணவகங்களில் ஆண்களுக்கு ஒரு வாசல், குடும்பங்களுக்கு ஒரு வாசல் என்ற கட்டாயமும் போனது. 2021-ல் சலா (தொழுகை) நேரத்திலும் கடை திறந்திருக்கலாம் என்றானது. அங்கே வேலை பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று தெரியும். பாதி வாங்கிக்கொண்டிருக்கும்போதே ஷட்டர் இறங்கும், வாசலில் நின்று காத்திருக்க வேண்டும். அதுதான் பல பத்தாண்டு வழக்கம்.

மாறாதது எது என்றால், அரசியல். கட்சிகள் கிடையாது, சட்டம் இயற்றும் மன்றத்துக்குத் தேர்தல் கிடையாது, மன்னரையோ பட்டத்து இளவரசரையோ விமர்சிக்கும் உரிமையும் கிடையாது.

மார்க்க அறிஞர்களுக்கு அங்கே அவ்வளவு அதிகாரம் எப்படி வந்தது?

நாட்டின் அடித்தளமே ஓர் உடன்பாடுதான். 1744 வாக்கில், ரியாத்துக்கு அருகிலுள்ள திர்இய்யாவின் தலைவர் முஹம்மது இப்னு சவூதும், மார்க்க அறிஞர் முஹம்மது இப்னு அப்துல் வஹ்ஹாபும் கைகோத்தார்கள். ஆட்சி சவூது குடும்பத்துக்கு, மார்க்க வழிகாட்டல் ஷெய்க்குக்கு. அந்த அரசு இரண்டு முறை வீழ்ந்து எழுந்தது. 1932-ல் மன்னர் அப்துல் அஸீஸ் இன்றைய ராஜ்யத்தை அறிவித்தபோதும் அந்த உடன்பாடு தொடர்ந்தது. ஷெய்க்கின் வழித்தோன்றல்கள் 'ஆலுஷ் ஷெய்க்' என்ற பெயரில் இன்றும் பெரிய பொறுப்புகளில் இருக்கிறார்கள். 1992-ல் மன்னர் ஃபஹத் வெளியிட்ட அடிப்படைச் சட்டம், குர்ஆனும் சுன்னாவுமே (நபிவழியுமே) நாட்டின் அரசியலமைப்பு என்கிறது.

இதில் கவனிக்கவேண்டிய ஒரு நகர்வு 2022-ல் நடந்தது. பிப்ரவரி 22-ஐ 'ஸ்தாபக தினம்' என்று அறிவித்து, நாட்டின் தொடக்கத்தை 1727 என்று கணக்கிட்டார்கள். இப்னு சவூது திர்இய்யாவின் ஆட்சிக்கு வந்த ஆண்டு அது. ஷெய்க் அந்த ஊருக்கு வந்தது அதற்குப் பல ஆண்டுகளுக்குப் பிறகு. பள்ளிப் பிள்ளைகள் கொண்டாடும் நாட்டுப் பிறப்பில் இப்போது ஷெய்க்குக்கு இடமில்லை. சினிமா தியேட்டரைவிட இது ஆழமான மாற்றம் என்பது என் கருத்து.

2016-க்கு முன் சீர்திருத்தமே நடக்கவில்லையா?

நிறைய நடந்தது. ஒவ்வொன்றும் கடும் சண்டைக்குப் பிறகுதான் நடந்தது.

அடிமை முறையை எடுத்துக்கொள்ளுங்கள். அது சட்டப்படி ஒழிக்கப்பட்டது 1962-ல். நம்மில் பலருடைய பெற்றோர் பிறந்த காலம். அன்றைய இளவரசர் ஃபைஸல் அந்த அறிவிப்பை வெளியிட்டார். உரிமையாளர்களுக்கு அரசு இழப்பீடு கொடுத்தது.

அடுத்தது பெண் கல்வி. ஃபைஸலின் மனைவி இஃப்பத், 1955-ல் ஜித்தாவில் 'தாருல் ஹனான்' என்ற பெண்கள் பள்ளியை உருவாக்கினார். 1960-ல் அரசே பெண்களுக்குப் பள்ளிகள் திறந்தபோது, உலமாக்களை, அதாவது மார்க்க அறிஞர்களை, சமாதானப்படுத்த ஒரு விலை கொடுக்க வேண்டியிருந்தது. பெண் கல்வி நிர்வாகம் கல்வி அமைச்சகத்திடம் போகாமல் மார்க்க அறிஞர்களின் கண்காணிப்பில் இருக்கும் என்று ஒத்துக்கொண்டார்கள். அப்படியும் புரைதா நகரில் 1963-ல் எதிர்ப்பு வெடித்தது. பள்ளியைக் காக்க ஃபைஸல் படை அனுப்பினார். விருப்பமில்லாதவர்கள் தங்கள் பெண்களை அனுப்ப வேண்டாம், ஆனால் பள்ளி மூடப்படாது என்பது அவர் நிலைப்பாடு. புரைதாவிலேயே சில ஆண்டுகளில் இன்னும் பள்ளி வேண்டும் என்று கேட்கும் நிலை வந்தது.

1965-ல் தொலைக்காட்சி வந்தபோது ரத்தமே சிந்தியது. அதை எதிர்த்து ரியாத் நிலையத்தின் மீது ஒரு கூட்டம் பாய்ந்தது. அந்தத் தாக்குதலை நடத்திய இளவரசர் காலித் பின் முஸாயித் பாதுகாப்புப் படையால் கொல்லப்பட்டார். பத்து ஆண்டு கழித்து, 1975 மார்ச் 25 அன்று, அவருடைய தம்பியே மன்னர் ஃபைஸலைச் சுட்டுக் கொன்றார். அண்ணனுக்காகப் பழிவாங்கினார் என்றுதான் பரவலாக நம்பப்படுகிறது.

மன்னர் அப்துல்லாஹ் காலத்திலும் (2005–2015) வேலை நடந்தது. ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கும் பல்கலைக்கழகம் ஒன்று 2009-ல் ஜித்தாவுக்கு வடக்கே துவலில் திறந்தது. அதை விமர்சித்த ஷெய்க் ஸஅத் அஷ்ஷத்ரியை மூத்த அறிஞர்கள் குழுவிலிருந்தே மன்னர் நீக்கினார். 2013-ல் 150 பேர் கொண்ட ஷூரா (ஆலோசனை) மன்றத்துக்கு 30 பெண்களை நியமித்தார்.

"1979-க்கு முன் எல்லாம் சாதாரணமாக இருந்தது, அப்புறம்தான் இறுகியது" என்பது உண்மையா?

பட்டத்து இளவரசர் முஹம்மது பின் சல்மான் இப்படித்தான் சொல்லிவருகிறார். பாதி உண்மை.

1979 நவம்பர் 20 அன்று, ஹிஜ்ரி 1400-ன் முதல் நாள், ஜுஹைமான் அல் உதைபி என்பவர் ஆயுதம் ஏந்திய சில நூறு பேருடன் மக்காவின் பெரிய பள்ளிவாசலான ஹரம் ஷரீஃபைக் கைப்பற்றினார். தன் மைத்துனரை மஹ்தி (இறுதிக் காலத்தில் வருவார் என்று நம்பப்படும் வழிகாட்டி) என்று அறிவித்தார். மீட்க இரண்டு வாரம் ஆனது. ஹரமுக்குள் ஆயுதம் பிரயோகிக்க மன்னர் காலிதுக்கு உலமாக்களின் ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) தேவைப்பட்டது. அவர்கள் கொடுத்தார்கள். பிறகு 63 பேருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது.

கிளர்ச்சியாளர்கள் தோற்றார்கள், அவர்கள் கேட்டதில் பெரும்பகுதியை அரசே செய்து கொடுத்தது. தொலைக்காட்சியில் பெண் முகங்கள் குறைந்தன. பாடத்திட்டத்தில் மார்க்கப் பாடம் பெருகியது. முத்தவ்வாக்கள் எனப்படும் மார்க்கப் போலீஸுக்குப் பணமும் அதிகாரமும் கூடின. அதே ஆண்டு ஈரானில் புரட்சி, ஆண்டு முடிவில் ஆப்கானிஸ்தானில் சோவியத் படை. அரச குடும்பம் தன்னை மார்க்கப் பற்றில் யாரும் மிஞ்ச முடியாது என்று காட்ட வேண்டிய அவசரத்தில் இருந்தது.

ஆனால் 1979-க்கு முன்பும் நகரங்களில் பெண்கள் கார் ஓட்டவில்லை. முத்தவ்வா அமைப்பு 1920-களிலிருந்தே இருந்தது. மேலே சொன்ன புரைதா, தொலைக்காட்சி நிலையத் தாக்குதல் எல்லாமே அதற்கு முந்தியவை. எல்லாப் பழியையும் ஓர் ஆண்டின் மீதும் ஒரு கிளர்ச்சிக்காரன் மீதும் போட்டுவிட்டால், அதற்குப் பிந்தைய 40 ஆண்டுகளில் அரசு எடுத்த முடிவுகளுக்கு யாரும் பொறுப்பேற்க வேண்டியதில்லை என்று ஆகிவிடும்.

முத்தவ்வாக்கள் இப்போது இருக்கிறார்களா?

நன்மையை ஏவித் தீமையைத் தடுக்கும் குழு என்ற அந்த அமைப்பு கலைக்கப்படவில்லை. ஆனால் 2016 ஏப்ரல் முடிவின்படி யாரையும் துரத்தவோ, பிடிக்கவோ, அடையாள அட்டை கேட்கவோ அவர்களுக்கு அதிகாரம் இல்லை. கண்டதைப் போலீஸிடம் சொல்லலாம், அவ்வளவுதான். இன்று ரியாத் தெருவில் அவர்களைப் பார்ப்பதே அரிது.

அவர்கள் மீது மக்கள் கோபம் திரும்பிய நாள் 2002 மார்ச் 11. மக்காவில் ஒரு பெண்கள் பள்ளியில் தீப்பிடித்தது. 15 மாணவிகள் இறந்தார்கள். முகத்திரையும் அபாயாவும் (உடலை மூடும் நீண்ட மேலங்கி) இல்லாமல் ஓடி வந்த பிள்ளைகளை முத்தவ்வாக்கள் தடுத்தார்கள், மீட்க வந்தவர்களையும் உள்ளே விடவில்லை என்று சவூதிப் பத்திரிகைகளே எழுதின. அரசு விசாரணை அந்தக் குற்றச்சாட்டை ஏற்கவில்லை. கூட்ட நெரிசலையும் பாதுகாப்பு வசதி இல்லாததையும் காரணமாகச் சொன்னது. ஆனால் அடுத்த சில வாரங்களுக்குள், 1960-ல் உலமாக்களிடம் ஒப்படைத்த பெண் கல்வி நிர்வாகம் கல்வி அமைச்சகத்துக்கு மாற்றப்பட்டது. 42 ஆண்டு பழைய ஒப்பந்தம் முடிவுக்கு வர 15 சிறுமிகளின் உயிர் தேவைப்பட்டது என்பதை நினைத்தால் இன்றும் மனம் ஆறுவதில்லை.

பெண்கள் கார் ஓட்டக்கூடாது என்பதற்கு மார்க்க ஆதாரம் இருந்ததா?

இல்லை. தடை நீங்கும்போது, அப்படி ஒரு தடை வைத்திருந்த ஒரே நாடு சவூதிதான். நபிகளார் காலத்துப் பெண்கள் ஒட்டகம் ஓட்டினார்களே என்று சவூதிப் பெண்களே கேட்டார்கள்.

1990 நவம்பர் 6 அன்று ரியாத்தில் 47 பெண்கள் ஒன்றாகக் கார்களில் கிளம்பினார்கள். அவர்களில் பேராசிரியைகளும் ஆசிரியைகளும் இருந்தார்கள். குவைத்தை ஈராக் பிடித்திருந்த நேரம் அது. அமெரிக்கப் பெண் சிப்பாய்கள் அதே சாலைகளில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். 47 பேரும் பிடிக்கப்பட்டார்கள். வேலை நிறுத்திவைக்கப்பட்டது, பாஸ்போர்ட் பறிக்கப்பட்டது. அவர்களை நடத்தை கெட்டவர்கள் என்று ஏசும் துண்டுத் தாள்கள் பரவின. அதுவரை வழக்கமாக மட்டும் இருந்த தடை, அதன்பிறகு மூத்த மார்க்க அறிஞர் ஷெய்க் பின் பாஸின் ஃபத்வாவோடு உள்துறையின் உத்தரவாகவே வந்தது.

2011 மே மாதம் மனால் அல் ஷரீஃப் அல்கோபரில் கார் ஓட்டி அதை வீடியோவாக வெளியிட்டார். ஒன்பது நாள் சிறையில் இருந்தார். 2013-ல் ஒரு ஷெய்க், கார் ஓட்டினால் பெண்களின் கருவகத்துக்குக் கேடு என்றார். 2014 டிசம்பரில் லுஜைன் அல் ஹத்லூல் அமீரகத்திலிருந்து கார் ஓட்டிவந்து எல்லையில் நின்றார். 73 நாள் அடைத்துவைத்தார்கள்.

2017 செப்டம்பர் 26 இரவு மன்னர் சல்மானின் ஆணை வந்தது. அதில் மூத்த அறிஞர்களில் பெரும்பாலோர் மார்க்க ரீதியான தடை ஏதும் காணவில்லை என்றும் எழுதப்பட்டிருந்தது. 27 ஆண்டுகளுக்கு முன் ஃபத்வாவால் தடுத்ததும் உலமா சபைதான், இப்போது தடையில்லை என்பதும் அதே சபைதான். நடுவில் எந்த வசனமும் மாறவில்லை.

இந்தத் தடையால் நம் ஆட்களுக்கு வேலை கிடைத்தது என்பதும் இந்தக் கதையில் ஒரு பகுதி. தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் 'ஹவுஸ் டிரைவர்' விசாவில் போனவர்கள் எத்தனையோ பேர். சவூதியில் ஓர் ஆசிரியை தன் சம்பளத்தில் கணிசமான பங்கை டிரைவருக்குக் கொடுத்துவிட்டுத்தான் பள்ளிக்குப் போக முடிந்தது.

உரிமை கிடைத்த நேரத்தில் கேட்டவர்களை ஏன் கைது செய்தார்கள்?

2018 ஜூன் 24 அன்று தடை நீங்குவதாக இருந்தது. மே மாத நடுவிலேயே லுஜைன், அஸீஸா அல் யூஸுஃப், ஈமான் அல் நஃப்ஜான் ஆகியோர் கைதானார்கள். 1990 ஊர்வலத்தில் பங்கெடுத்த வயதான பெண்களும் பிறகு பிடிபட்டார்கள். அரசு ஆதரவு ஊடகங்கள் அவர்கள் படத்தின் மேல் 'துரோகி' என்று முத்திரை குத்தி வெளியிட்டன. சிறையில் மின்அதிர்ச்சி கொடுத்ததாகவும் சவுக்கால் அடித்ததாகவும் குடும்பத்தினர் சொன்னார்கள். அரசு மறுத்தது. லுஜைன் 2021 பிப்ரவரியில்தான் வெளியே வந்தார், வெளிநாடு போகத் தடையோடு.

காரணத்தை அரசு வெளிப்படையாகச் சொல்லவில்லை; வெளிநாட்டோடு தொடர்பு என்றது. நான் புரிந்துகொள்வது இது: மன்னர் தந்தார் என்றால் மக்கள் நன்றி சொல்வார்கள். பெண்கள் போராடிப் பெற்றார்கள் என்றால், அடுத்து ஆண்கள் வேறொன்று கேட்பார்கள். அந்த வழக்கம் தொடங்கிவிடக்கூடாது என்பதில் அரசு உறுதியாக இருந்தது. அதனால் சட்டம் மாறியதைப் பாராட்டும் எவரும் இந்தப் பெயர்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

ஆண் பாதுகாவலர் முறை ஒழிந்துவிட்டதா?

பெண் எதைச் செய்யவும் தந்தை, கணவர் போன்ற ஓர் ஆணின் அனுமதி வேண்டும் என்ற அந்த முறை பெருமளவு தளர்ந்திருக்கிறது, ஒழியவில்லை. பாஸ்போர்ட், பயணம், பிள்ளையின் பிறப்பைப் பதிவது, குடும்பத் தலைவியாகப் பதிவாவது எல்லாம் 2019-ல் கிடைத்தன. வேலைக்குப் பாதுகாவலர் அனுமதி வேண்டியதில்லை. 2021-ல், வயதுவந்த பெண் தனியே வசிக்கலாம் என்பதும் ஏற்கப்பட்டது.

2022 மார்ச் 8 அன்று, அதாவது மகளிர் தினத்தன்றே, தனிநபர் சட்டம் ஒன்று வெளியானது. அதுவரை திருமணம், தலாக், பிள்ளைப் பொறுப்பு எல்லாம் அந்தந்த நீதிபதியின் விளக்கப்படி நடந்தன. ஒரே வழக்குக்கு இரண்டு ஊரில் இரண்டு தீர்ப்பு வரும். எழுத்தில் சட்டம் வந்தது அந்த வகையில் முன்னேற்றம். ஆனால் அதே எழுத்தில், பெண்ணின் திருமணத்தை அவளுடைய ஆண் பாதுகாவலரான 'வலீ'தான் நடத்திவைக்க வேண்டும் என்றும், தக்க காரணமின்றிக் கணவனோடு வாழ மறுக்கும் மனைவி ஜீவனாம்ச உரிமையை இழக்கலாம் என்றும் உறுதியாகிவிட்டது. முன்பு இரக்கமுள்ள நீதிபதி விலகிப்போக இருந்த இடமும் இப்போது குறைவு. திருமண வயது 18. அதற்குக் கீழே நீதிமன்றம் அனுமதிக்கலாம்.

அபாயா கட்டாயமா?

கருப்பு அபாயாதான் வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை, கண்ணியமான உடை போதும் என்று இளவரசர் 2018-ல் சொன்னார். வெளிநாட்டுப் பெண்களுக்கு நடைமுறையில் கட்டாயம் இல்லை. சவூதிப் பெண்களில் பெரும்பாலோர் இன்றும் அணிகிறார்கள், நிறம் மட்டும் பலவாகிவிட்டது.

மார்க்கத்தையே மாற்றுகிறார்களா?

மார்க்கத்தை யார் விளக்குவது என்பதை மாற்றுகிறார்கள். 2017 அக்டோபரில் மதீனாவில் ஹதீஸ் (நபிமொழி) ஆய்வுக்கென மன்னர் சல்மான் பெயரில் ஒரு மையம் அமைக்கப்பட்டது. வன்முறைக்குப் பயன்படும் பொய்யான ஹதீஸ்களைக் களைவது அதன் நோக்கங்களில் ஒன்று. 2021 ஏப்ரலில் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் இளவரசர் இன்னும் தூரம் போனார். தண்டனை போன்ற விஷயங்களில் குர்ஆனின் தெளிவான கட்டளையும் முதவாத்திர் ஹதீஸும்தான் அரசைக் கட்டுப்படுத்தும் என்றார். முதவாத்திர் என்றால் ஒவ்வொரு தலைமுறையிலும் பலர் வழியாக வந்தவை, மிகக் குறைவானவை. ஒருவர் இருவர் வழியாக வந்த ஆஹாத் வகை ஹதீஸ்கள்தான் பெரும்பகுதி. அவற்றை அப்படியே சட்டமாக்க வேண்டியதில்லை என்றார். இப்னு அப்துல் வஹ்ஹாபின் நூல்களைக் கண்மூடிப் பின்பற்றினால் அவரையே வணங்குவதாகிவிடும், அதை அவரே எதிர்த்திருப்பார் என்றும் சொன்னார்.

நம் ஊர் ஆலிம்கள் கேட்டால் இதில் பாதியை ஏற்பார்கள், பாதியோடு கடுமையாக வாதிடுவார்கள். அந்த வாதம் சவூதிக்குள் நடக்க முடியவில்லை என்பதுதான் என் வருத்தம். இஜ்திஹாத், அதாவது மூல ஆதாரங்களை ஆய்ந்து மார்க்க முடிவுக்கு வருவது, அறிஞர்கள் ஒருவரை ஒருவர் மறுத்து, ஆதாரம் காட்டி, நூற்றாண்டுகளாக வளர்ந்த மரபு. ஆணை மூலம் வரும் இஜ்திஹாத் அடுத்த ஆணையில் திரும்பிப் போகலாம்.

அறிஞர்கள் ஏன் எதிர்க்கவில்லை?

எதிர்க்கக்கூடியவர்கள் முன்கூட்டியே பிடிக்கப்பட்டார்கள். 2017 செப்டம்பரில், கார் ஆணைக்குச் சில வாரம் முன்பு, ஸல்மான் அல் அவ்தா, அவழ் அல் கர்னி உள்ளிட்டோர் கைதானார்கள். அல் அவ்தா பழமைவாதி என்று ஒதுக்கிவிடக்கூடியவர் இல்லை. பிற்காலத்தில் தேர்தலையும் மக்கள் பங்கேற்பையும் ஆதரித்தவர். சவூதி அப்போது உறவை முறித்திருந்த கத்தாருடன் சமரசம் வரவேண்டும் என்ற பொருளில் ஒரு ட்வீட் போட்டதை அடுத்துக் கைதானார். அரசு வழக்கறிஞர் அவருக்கு மரண தண்டனை கேட்டார்.

மற்றவர்கள் மௌனமானார்கள், அல்லது திரும்பினார்கள். ஆயிழ் அல் கர்னி 2019-ல் தொலைக்காட்சியில் தோன்றி, 'ஸஹ்வா' என்ற மார்க்க எழுச்சி இயக்கத்தின் கடுமைக்காகச் சவூதி மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். மனப்பூர்வமாகத் திருந்தியவர்களும் உண்டு. மக்காவில் முத்தவ்வாக்களின் தலைவராக இருந்த அஹ்மத் அல் காமிதி, இளவரசரின் காலத்துக்கு முன்பே, 2014-ல், முகம் மூடாத தன் மனைவியோடு தொலைக்காட்சியில் அமர்ந்து, முகத்திரை கட்டாயமில்லை என்று வாதிட்டார். கொலை மிரட்டல் வந்தது. பாதுகாப்பில்லாத காலத்தில் பேசியதால் அவர் மீது எனக்கு மரியாதை அதிகம்.

இதெல்லாம் ஏன் இப்போது?

எண்ணெய். 2014-ல் பீப்பாய் 100 டாலருக்கு மேல் இருந்த விலை 2016 ஜனவரியில் 30-க்குக் கீழே போனது. அரசு வேலை கொடுத்துக் குடிமக்களைத் தாங்கும் முறை நீடிக்காது என்று தெரிந்துவிட்டது. 2022 கணக்கெடுப்பின்படி சவூதிக் குடிமக்களில் 63 சதவீதம் பேர் 30 வயதுக்குக் கீழே. அவர்களுக்கு வேலை வேண்டும், பொழுதுபோக்கு வேண்டும். பஹ்ரைனிலும் துபாயிலும் செலவாகும் பணம் உள்ளூரில் சுழல வேண்டும். படித்த பெண்கள் வீட்டில் இருந்தால் பொருளாதாரம் நகராது. 2016 ஏப்ரலில் அறிவித்த 'விஷன் 2030' இதைத்தான் சொல்கிறது. வேலையில் பெண்கள் பங்கு 2030-க்குள் 30 சதவீதம் என்பது இலக்கு. அது முன்கூட்டியே எட்டப்பட்டு, இலக்கை 40 ஆக உயர்த்தினார்கள். இந்த ஒரு சாதனையை யாரும் குறைத்துப் பேசக்கூடாது.

இதே திட்டத்தின் இன்னொரு முகம் நமக்கு நன்றாகத் தெரியும். 2017 ஜூலையில் வெளிநாட்டவரின் குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் கட்டணம் வந்தது, 2020-ல் அது 400 ஆனது. மனைவி, இரண்டு பிள்ளை என்றால் மாதம் 1,200 ரியால். தம்மாமிலும் ரியாத்திலும் குடும்பத்தோடு இருந்த தமிழர்கள் பலர் அப்போதுதான் மனைவி மக்களை ஊருக்கு அனுப்பினார்கள்.

தண்டனை முறை மென்மையாகிவிட்டதா?

2020-ல், நீதிபதியின் விருப்பத்துக்கு விடப்பட்ட தஅஸீர் குற்றங்களில் கசையடி நீக்கப்பட்டு அபராதமோ சிறையோ என்றானது. அதே வகைக் குற்றங்களில் சிறார்களுக்கு மரண தண்டனையும் நீங்கியது. ஆனால் கொலைக்கான கிஸாஸ் (உயிருக்கு உயிர் என்ற தண்டனை) இதில் அடங்கவில்லை.

இந்த வித்தியாசம் தமிழ் பேசும் மக்களுக்குப் புரியும். திருகோணமலை மாவட்டம் மூதூரிலிருந்து பணிப்பெண்ணாகப் போன ஒரு பெண், 2005-ல் தன் பொறுப்பில் இருந்த குழந்தை இறந்ததற்காகக் கொலைக் குற்றவாளியானார். பால் கொடுக்கும்போது புரையேறியது என்றார் அவர். பாஸ்போர்ட்டில் வயதைக் கூட்டி அனுப்பியிருந்தார்கள். பிறப்புச் சான்றிதழ்படி அப்போது அவருக்கு 17 வயது. அவருடைய வாக்குமூலத்தை மொழிபெயர்த்தவருக்குத் தகுதி இருந்ததா என்ற கேள்வி கடைசிவரை தீரவில்லை. 2013 ஜனவரி 9 அன்று தலை வெட்டப்பட்டது. இன்றைய திருத்தங்கள் அன்றே இருந்திருந்தாலும் அவரைக் காப்பாற்றியிருக்காது, ஏனென்றால் அது கிஸாஸ் வழக்கு.

மரண தண்டனை குறையவும் இல்லை. 2022 மார்ச்சில் ஒரே நாளில் 81 பேர். 2024-ல் ஆண்டு முழுவதும் 300-க்கு மேல். ட்வீட்டுக்காக நீண்ட சிறை என்பது புதிதாகக் கூடியிருக்கிறது. இங்கிலாந்தில் ஆய்வு மாணவியாக இருந்த ஸல்மா அல் ஷிஹாபுக்கு 2022-ல் 34 ஆண்டு விதித்தார்கள். பிறகு குறைக்கப்பட்டு, 2025-ல் வெளியே வந்தார்.

ஷியாக்களுக்கும் பிற மதத்தவருக்கும் என்ன மாறியது?

பாடநூல்களில் யூத, கிறிஸ்தவ, ஷியா வெறுப்பு வாசகங்கள் பல நீக்கப்பட்டுள்ளன. ஆனால் கிழக்கு மாகாணத்து ஷியாக்களின் அரசியல் குரலுக்கு இடமில்லை; ஷியா மார்க்க அறிஞர் ஷெய்க் நிம்ர் அல் நிம்ருக்கு 2016 ஜனவரி 2 அன்று மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. கோயிலோ தேவாலயமோ இன்றும் கட்ட முடியாது. வீட்டுக்குள் அமைதியாக வழிபடுவதைப் பொதுவாகக் கண்டுகொள்வதில்லை; அதற்குச் சட்டப் பாதுகாப்பு என்று எதுவும் எழுதிக் கொடுக்கப்படவில்லை.

தப்லீக் ஜமாஅத்தைச் சவூதி கண்டித்ததே, அப்படியானால் இங்கும் அது தவறா?

2021 டிசம்பரில் இஸ்லாமிய விவகார அமைச்சர், முஸ்லிம்களிடையே மார்க்கப் பிரச்சாரம் செய்யும் தப்லீகை எச்சரித்து ஜும்ஆ குத்பாவில் (வெள்ளிக்கிழமை உரையில்) பேசுமாறு இமாம்களுக்கு உத்தரவிட்டார். தமிழ்நாட்டில் அது பெரிய பேச்சானது. சவூதியில் தப்லீக் எப்போதுமே அனுமதிக்கப்பட்ட அமைப்பாக இருந்ததில்லை. அரசின் கட்டுப்பாட்டுக்கு வெளியே எந்த மார்க்க அமைப்பும் அங்கே இயங்க முடியாது. அந்த நாட்டின் பாதுகாப்புக் கொள்கையை இங்குள்ள பள்ளிவாசல்களுக்கு மார்க்கத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள எந்தத் தேவையும் இல்லை. தமிழகத்து முஸ்லிம்களில் பெரும்பாலோர் ஷாஃபி, ஹனஃபி மத்ஹபை (மார்க்கச் சட்ட மரபை) சேர்ந்தவர்கள். சவூதி மரபு ஹன்பலி வழி வந்தது.

பெண்கள் மஹ்ரம் (துணையாக வரும் கணவர் அல்லது நெருங்கிய ஆண் உறவினர்) இல்லாமல் உம்ரா, ஹஜ் போகலாமா?

சவூதியைப் பொறுத்தவரை போகலாம். 2022 அக்டோபரில் ஹஜ் அமைச்சர் இதைத் தெளிவாகச் சொன்னார். இந்தியாவிலிருந்து 45 வயது கடந்த பெண்கள் குழுவாக, மஹ்ரம் இல்லாமல் ஹஜ் செல்லும் ஏற்பாடு 2018 முதல் இருக்கிறது. பாதுகாப்பான குழுவோடு போகலாம் என்று ஷாஃபி மத்ஹபில் முன்பே கருத்து உண்டு. கணவரை இழந்த, மகன் இல்லாத எத்தனையோ உம்மாக்கள் காசு சேர்த்துவைத்தும் துணைக்கு ஆளில்லாமல் காத்திருந்தார்கள். அவர்களுக்குக் கதவு திறந்தது பெரிய நன்மை.

வேலைக்குப் போகிறவர்களுக்கு இதனால் என்ன பயன்?

2021 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சீர்திருத்தம், ஓராண்டு வேலை முடித்தவர் சில நிபந்தனைகளோடு கஃபீலின் (விசா கொடுத்த முதலாளியின்) சம்மதம் இல்லாமல் வேறு வேலைக்கு மாறலாம் என்றது. ஊருக்குப் போய்த் திரும்பிவரும் எக்ஸிட் ரீ-என்ட்ரி அனுமதியை அவரே ஆன்லைனில் கேட்கலாம் என்றும் சொன்னது. கம்பெனி விசாவில் இருப்பவர்களுக்கு இது உதவியது. ஆனால் வீட்டு வேலைக்காரர், ஹவுஸ் டிரைவர், தோட்டக்காரர், ஆடு மேய்ப்பவர் ஆகியோரை அந்தச் சீர்திருத்தம் சேர்க்கவில்லை. விசாவில் எழுதியிருக்கும் தொழில் எது என்பதைப் பொறுத்தே பாதுகாப்பு அமையும். "அங்கே போய் மாத்திக்கலாம்" என்று ஏஜென்ட் சொன்னால் நம்பாதீர்கள். பணம் கட்டுவதற்கு முன், தொழில் பிரிவையும் ஒப்பந்தத்தையும் தெரிந்தவர்களிடம் காட்டிப் படித்துக் கேளுங்கள்.